என் தங்கைமேல் நான் போட்ட என்.சி.

எனக்கும் என் தங்கைக்கும் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது. தண்ணீருக்கு ஒன்று, துணி காயப்போடும் கயிற்றுக்கு ஒன்று, டி.வி. சத்தத்துக்கு ஒன்று, எதுவுமே அகப்படவில்லை என்றால் 'நேத்து ஏன் மூஞ்சியத் திருப்பிட்டுப் போன' என்று ஒன்று. அவள் என்னைத் திட்டாமல் ஒரு காலைப்பொழுது கழிந்தால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். மேலே அவள் அறைக்கு ஏணியில் ஏறிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் நான் நினைத்தது சரியாகவே இருக்கும்.

இப்போது அவள் என்னைத் திட்டுவதே இல்லை. ஒன்றரை வருடமாயிற்று. காய்ச்சல் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். காரணம் நான் டைப் அடித்த ஒரு இங்கிலீஷ் காகிதமும், பிறகு நான் போட்ட ஒரு கையெழுத்தும். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கே அலுத்துவிட்டது.

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு ஆள் குடத்தோடு போனால் எதிரே வருகிறவர் ஏதாவது ஒரு வாசலுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலே இருப்பதை மாளா என்போம். வெளியே சுவரோடு சாய்த்து வைத்த இரும்பு ஏணிதான் அதற்கு வழி. கல்யாணமான நாலாம் வருடம் வீட்டுக்காரரைப் பறிகொடுத்துவிட்டு நான் கீழறைக்குத் திரும்பி வந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. மாளாவைத் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் தாங்களே கட்டிக்கொண்டு குடியேறினார்கள். அவர் வடாலாவில் ஒரு குடோனில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத சாது. அவர்களுக்கு ஒரே மகள்.

அப்பா போனபிறகு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் காகிதங்களை என் பேருக்கு மாற்றியது நான். மாளாவுக்கென்று தனியாக ஒரு காகிதமும் எடுக்கவில்லை. கரண்ட் என் மீட்டரிலிருந்து மேலே போகும். ரேஷன் கார்டு ஒன்றுதான், எல்லார் பேரும் அதில் இருக்கும். அக்கா பேரில் இருந்தால் என்ன, தங்கை பேரில் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டோம்.

நான் மாட்டுங்காவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். வக்கீல் ஸார் சொல்லச் சொல்ல அடித்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. பேச வராது. யாராவது இங்கிலீஷில் வழி கேட்டால் வாயடைத்து நிற்பேன். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற இங்கிலீஷ் என் விரலுக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. சந்தில் யாருக்கு லெட்டர் எழுதவேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

குவாரல் என்ற வார்த்தையும் டிஸ்ப்யூட் என்ற வார்த்தையும் தினமும் என் கையில் வந்துகொண்டிருந்தவைதான். விவாகரத்து மனுக்களில் குவாரல் வரும். புருஷனும் பெண்டாட்டியும் அடிக்கடி குவாரல் செய்தார்கள் என்று அடிப்பேன். சொத்து வழக்குகளில் டிஸ்ப்யூட் வரும். குவாரலை எனக்குப் பிடிக்காது. குழாயடி வார்த்தை அது. டிஸ்ப்யூட் கோட்டுப் போட்ட வார்த்தை. இரண்டும் சண்டைதானே, ஒன்று ஏழை, ஒன்று பணக்காரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

இருபது வருடத்துக்கு முந்திய சண்டை இது. தண்ணீர் பிடிக்க அவளிடம் ஒரு நீல டிரம் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் வாசலில், ஏணிக்கு அடியில் வைப்பாள். நான் ஒருக்களித்துத்தான் வெளியே வரவேண்டும். அன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிரம்மில் இடித்து என் புடவை முழுக்க நனைந்துவிட்டது. வேறு புடவை கட்ட நேரமில்லை. கத்தினேன்.

"ஏட்டி, சவத்து மூதி! இது வாசலா, ஒன் அப்பன் வீட்டு கெணறா?"

"ஒனக்கும் அவருதான்யக்கா அப்பன்!" என்று மேலிருந்து பதில் வந்தது. சந்தே சிரித்தது. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. நான் டிரம்மைக் காலால் தள்ளினேன். பிடித்து வைத்த தண்ணீரெல்லாம் சந்தில் ஓடியது. அவள் ஏணியில் பாதி இறங்கி நின்று, "ஒனக்கென்ன, ஒத்தக்கட்ட! ஒரு கொடம் தண்ணி போதும். புள்ளகுட்டிக்காரிக்குத் தெரியும் தண்ணி அரும" என்றாள்.

அந்த ஒத்தக்கட்டை என்ற ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சந்தே கேட்டுக்கொண்டிருந்தது. ஈரப் புடவையோடு மாட்டுங்காவரை நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் என்.சி. போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. போலீஸ் சௌக்கியில் போய்ப் புகார் சொன்னால் போலீஸ்காரர் நோட்டில் எழுதி நம்பர் கொடுப்பார். யாரையும் பிடிக்கமாட்டார்கள், விசாரிக்கவும் மாட்டார்கள். எழுதிவைப்பதோடு சரி. ஆனால் 'ஒம்மேல என்.சி. போட்டுட்டேன்' என்று சந்தில் வந்து சொல்லலாம். அதில் ஒரு நிறைவு. மாமியார் மருமகள்மேல் போடுவாள், அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போவார்கள்.

மற்றவர்கள் வாயால் சொல்லிவிட்டு வருவார்கள். நான் அப்படிச் செய்வேனா? சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் கார்பன் வைத்துக் கடிதமாக அடித்தேன். டிரம்மைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. டிரம் எனக்குக் கேவலமாகப் பட்டது. மேற்படி தங்கை, மேற்படி கட்டடத்தின் மேல்பகுதியை என் சம்மதமில்லாமல் வைத்திருக்கிறாள் என்றும், அதன் உரிமை குறித்து எங்களுக்குள் டிஸ்ப்யூட் இருக்கிறது என்றும் அடித்தேன். நான் சம்மதிக்கவில்லை என்பது பச்சைப் பொய். மாளாவுக்குச் செங்கல் தூக்கிக் கொடுத்ததே நான்தான். அடித்து முடித்து வாசித்தபோது என் இங்கிலீஷை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சௌக்கியில் இருந்தவர் படித்துவிட்டு, "யே தோ கர் கா ஜக்டா ஹை" என்றார். இது வீட்டுச் சண்டை, வீட்டுக்குப் போ என்று கையை ஆட்டினார். நான் நகரவில்லை. கடைசியில் நோட்டில் எழுதி நம்பர் போட்டு, என் கார்பன் பிரதியில் சீல் குத்திக் கொடுத்தார். அதிகம் படிக்காத அந்தப் போலீஸ்காரருக்குத் தெரிந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. கையில் ஒரு கிண்ணம்.

"யக்கா, நெத்திலிக் கொழம்பு. வேண்டான்னா சொல்லிரு, பூனைக்கு ஊத்திருதேன்."

"பூனை ஒன் கொழம்பத் தின்னா செத்துரும்டி. இங்கன குடு."

சண்டை அதோடு தீர்ந்தது. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் எங்கள் வீட்டில் வார்த்தைகள் இல்லை. டிரம் திரும்பவும் என் வாசலுக்கே வந்தது. நான் திரும்பவும் ஒருக்களித்தே வெளியே போனேன்.

சீல் குத்திய பிரதியை நான் கிழித்துப்போடவில்லை. தாராவியில் யாரும் காகிதத்தைக் கிழிக்க மாட்டார்கள். பேரும் விலாசமும் தேதியும் ஒரு சீலும் இருந்தால் அது என்ன காகிதமாக இருந்தாலும் பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும். ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை, செத்தவருடைய ரயில் பாஸ், எல்லாம் இருக்கும். நாளைக்கு யாராவது வந்து 'நீ இங்கேதான் இருந்தாயா, எப்போதிருந்து' என்று கேட்டால் காட்டவேண்டாமா? என் என்.சி.யும் அந்தப் பைக்குள் போய் இருபது வருடம் பத்திரமாக இருந்தது.

யாராவது வந்து கேட்கும் நாளும் வந்தது. எங்கள் சந்தை இடித்துப் பெரிய கட்டடம் கட்டப்போகிறார்கள், இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு வீடு என்றார்கள். மெயின் ரோட்டோரம் தகரக் கொட்டகையில் சர்வே ஆபீஸ் வைத்தார்கள். மாளாக்காரர்களுக்கும் தனி வீடு உண்டு. ஆனால் கீழே இருப்பவர்களோடு சேராத தனிக் குடும்பம் என்றும், இன்ன தேதிக்கு முன்னாலிருந்தே மேலே இருந்தார்கள் என்றும் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

தங்கையிடம் ஒன்றும் இல்லை. கரண்ட் என் பேரில். ரேஷன் கார்டு சேர்ந்தது. அவள் செய்கிற வேலைக்கும் காகிதம் கிடையாது. சந்து முனையில் ஒரு பாய் தோல் பட்டறை வைத்திருக்கிறார், ஊர் தென்காசிப் பக்கம். பட்டறையிலிருந்து தோல் வரும், மாளாவில் உட்கார்ந்து பசை தடவிப் பர்ஸ் ஒட்டிக் கொடுப்பாள். அவள் வேலை, தண்ணீர், மகளின் காலேஜ், எல்லாமே அந்த மாளாவைச் சுற்றித்தான். அது போனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

ஒரு வாரம் இரண்டு பேரும் பைகளைக் கவிழ்த்துத் தேடினோம். ஒரு காலை திடீரென்று ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி வந்தாள்.

"யக்கா! நீ எம்மேல ஒரு என்.சி. போட்டியே, அது இருக்கா?"

இருந்தது. பையின் அடியில், மடிப்பில் லேசாகப் பழுத்துப்போய் இருந்தது. அவள் பேர், மேல்பகுதி, தேதி, சீல், எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா, ஒன் கோவம் எனக்குச் சோறு போடுது" என்றாள். "இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்க? வாசி, கேப்போம்."

வாசித்தேன். சம்மதமில்லாமல் என்ற இடம் வந்தது. உரிமை குறித்து டிஸ்ப்யூட் என்ற இடம் வந்தது. ஒரு நொடி நின்றேன்.

"என்ன, நிறுத்திட்ட?"

"நீ மேல இருக்கன்னு போட்டிருக்கு. நமக்குள்ள சண்டைன்னு போட்டிருக்கு."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று அவள் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அப்போதே அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கலாம். எல்லாம் பழைய காகிதம்தானே, சீலைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள், என் இங்கிலீஷை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

சர்வே ஆபீஸில் இருந்தவர் சின்ன வயது மராட்டிக்காரர். மரியாதையான பிள்ளை, எங்களுக்கு நாற்காலி போட்டார். சீலைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், தலையாட்டினார். தங்கை என் தொடையைக் கிள்ளினாள். பிறகு அவர் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பென்சிலை எடுத்து ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார்.

"உரிமையில் டிஸ்ப்யூட் என்று இருக்கிறதே. கோர்ட்டில் தீர்ந்ததா? தீர்ப்பு நகல் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"டிஸ்ப்யூட் இல்லை, குவாரல்தான். தண்ணி டிரம்முக்கு வந்த குவாரல்" என்றேன்.

"குவாரல் என்றால் நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன். குவாரல் எந்த வீட்டில் இல்லை? நீங்கள் எழுதியிருப்பது அது இல்லையே."

"இப்போ ஒரு டிஸ்ப்யூட்டும் இல்லைன்னு எழுதித் தாரேன்."

அவர் யோசித்தார். எங்களுக்கு உதவத்தான் யோசித்தார் என்று இன்றும் நம்புகிறேன். டிஸ்ப்யூட் இல்லை, மாளாவும் எங்கள் வீட்டோடு சேர்ந்ததுதான் என்று எழுதிக் கொடுத்தால் ஒரே ரேஷன் கார்டு, ஒரே மீட்டர், ஆகவே ஒரே குடும்பம், ஒரே வீடு என்று ஆகிவிடும். அது என் பேரில் வரும். டிஸ்ப்யூட் உண்டு என்றால் கோர்ட் தீர்ப்பு வரும்வரை மாளா பட்டியலில் வராது. பதினைந்து நாளில் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "யக்கா, நீ அதுல சண்டைன்னு போடலியா?"

"சண்டைதான்டி. பெரிய சண்டைன்னு போட்டுட்டேன்."

அவள் நடுரோட்டில் வைத்து என்னைத் திட்டினாள். கூறுகெட்டவள், வெளங்காதவள், நாலு எழுத்து படித்த திமிர், எல்லாம் வந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. திட்டுகிறாள், அப்படியென்றால் சரியாகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் வக்கீல் ஸாரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்டேளே. இத்தனை வருஷம் ரெண்டையும் டைப் அடிச்சிருக்கேள். குவாரலுக்கு ரெண்டு பேர் போறும். தானா வரும், தானா போயிடும். டிஸ்ப்யூட்டுக்கு மூணாவது ஒருத்தன் வேணும். அவன் வந்து தீர்த்தாத்தான் தீரும்."

தமிழிலும் அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தகராறு என்று சொல்லுவோம். சொத்துத் தகராறு, எல்லைத் தகராறு. எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்த வார்த்தையை நாங்கள் ஒருநாளும் வைத்ததில்லை. இங்கிலீஷில் வைத்ததால் எனக்கு உறைக்கவில்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் ஸார். "கீழ ரூமுக்கு நீங்க சம்மதக் கையெழுத்துப் போடாம, கட்டடம் கட்டறவா அந்தச் சுவரைத் தொட முடியாது. நீங்க போடாம இருங்கோ. அவாளே எறங்கி வந்து தங்கைக்கு ஒரு வழி பண்ணுவா. கொஞ்சம் தைரியமா இருக்கணும், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் மாளாவில் பசை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து தங்கையிடம் சொன்னேன். "ஒனக்குத் தனி வீட்டு நம்பர் வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மா மேல சத்தியம்." அவள் ஒட்டிக்கொண்டிருந்த பர்ஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் இருந்த பசை என் கையில் ஒட்டியது.

பதினைந்து நாள் என்பது சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் சந்தில் என் வீட்டைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். யாரோ சாணித் தாளில் என் கதவு நம்பரை எழுதி அதன்மேல் கோடு போட்டு என் வாசலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு நாள் யாருக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தேனோ அந்தப் பெண்களே, "நாங்க எல்லாம் ஒன் தங்கச்சிக்காவ தெருவுல நிக்கணுமா?" என்றார்கள். பட்டறைப் பாய் ஒருத்தர்தான் பக்குவமாகப் பேசினார்.

"யக்கா, ஒங்க தங்கச்சிக்கு வேல குடுக்கதே நாந்தான். இங்க ஒரு கடை எனக்குக் கெடைக்கட்டும், அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது. நீங்க அடச்சி வச்சா அவளுக்கும் சேத்துத்தான அடைக்கிய."

கையெழுத்துப் போடாதவர்களை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ தெரியாது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஐம்பத்தாறு வயது, பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. இருக்கிற ஒரு அறையும் போனால் நான் எங்கே போவேன்? அவளுக்காவது ஒரு ஆண்பிள்ளையும் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஒத்தக்கட்டை நான்தானே என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் எந்த வார்த்தைக்காக அவள்மேல் என்.சி. போட்டேனோ, அதே வார்த்தையைத்தான் இப்போது எனக்கு நியாயமாக எடுத்துக்கொண்டேன்.

பதினான்காம் நாள் காலை, ஆபீஸுக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தேன். அந்தப் பிள்ளை படிவத்தை நீட்டி ஒரு வரியை விரலால் காட்டினார். இந்தக் கட்டடத்தில், மேலும் கீழும், என்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை, டிஸ்ப்யூட் எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்தது.

"உங்கள் தங்கை?" என்றார்.

"ஒரே குடும்பம்தான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். முதல் காகிதத்தை ஆத்திரத்தில் எழுதினேன், உலர்ந்த புடவையாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவது அப்படி இல்லை. நிதானமாக, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வார்த்தையும் படித்துப் போட்ட கையெழுத்து.

அவளிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாலு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் பட்டியலைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அவள் மகள் காலேஜிலிருந்து வரும்போது நின்று படித்திருக்கிறாள். கீழ், மேல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நம்பர், பக்கத்தில் என் பேர்.

அன்று ஆபீஸிலிருந்து திரும்பும்போதே பதில்களைத் தயார் செய்துகொண்டேன். வீடு என் பேரில் வந்தால் என்ன, எல்லாரும் சேர்ந்து இருப்போம் என்பது ஒன்று. எனக்கு யார் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அவள் டிரம்மைத் தூக்கி எறிவாள், என் தலைமயிரைப் பிடிப்பாள், 'அம்மா மேல சத்தியம் பண்ணியேட்டி பாவி' என்பாள். அடிக்கட்டும் என்று இருந்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே நடமாட்டம் கேட்டது, குக்கர் சத்தம் கேட்டது. ஏணியில் யாரும் இறங்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஏறிப்போகும் தைரியம் எனக்கு இல்லை.

காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் கதவைத் திறந்தேன். நீல டிரம் என் வாசலில் இல்லை. அதை இழுத்துக்கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"இப்ப உங்களுக்கு வழி சரியா இருக்கா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவள். எங்கள் பக்கத்தில் அக்காவை நீ என்றுதான் சொல்லுவோம். நான் தலையாட்டிவிட்டு, கை வீசி, நேராக நடந்து போனேன். சந்து முனை திரும்பியதும் பட்டறைச் சுவரோரம் நின்றுவிட்டேன்.

அதற்குப்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. கட்டடம் எழும்பும்வரை இருக்க எனக்குச் செம்பூரில் ஒரு அறை கிடைத்தது. "என்கூட வந்துருட்டி, நாலு பேரும் நெருக்கிக்கிட்டுக் கெடப்போம்" என்றேன். "இல்லக்கா, நீங்க இருங்க" என்றாள். அவர்கள் மான்குர்த்தில் வாடகைக்குப் போனார்கள். சுவரை இடிக்கும் அன்று நான் லீவு போட்டுப் போய் நின்றேன். முதலில் மாளாதான் விழுந்தது. ஏணியை ஒரு பழைய இரும்புக்காரன் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

புதுக் கட்டடம் இன்னும் அஸ்திவாரத்திலேயே நிற்கிறது. பாய்க்குக் கடை வரவில்லை. தோலும் பசையும் மான்குர்த்வரை போவதில்லை. தங்கை இப்போது அங்கே இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் காலேஜை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியாது, அவள் வீட்டுக்காரர் ஒருநாள் ஸ்டேஷனில் பார்த்துச் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லும் குரலே அவரிடம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். கதவைத் திறந்ததும், "வாங்க, உக்காருங்க" என்றாள். அந்த வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தான் தரையில் உட்கார்ந்தாள். சௌக்கியமா என்று கேட்டாள், கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். டீ போட்டு டம்ளரில் கொண்டுவந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டங்கென்று தரையில் வைத்தேன்.

"இது டீயாட்டி? கழனித் தண்ணி. இத மனுசன் குடிப்பானா?"

பழைய தங்கையாக இருந்தால் அந்த டம்ளர் என் தலையில் கவிழ்ந்திருக்கும். நான் அதற்காகத்தான் சொன்னேன். அவள் டம்ளரை எடுத்துப் பார்த்தாள். "சீனி கொறஞ்சிருக்கும். வேற போட்டுத் தாரேங்க்கா" என்று எழுந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பசை இல்லாத கை, சோப்பில் தோல் உரிந்திருந்தது. "ஏட்டி, ஒரே ஒரு தடவ என்னத் திட்டுட்டி" என்றேன். "அந்த ஒத்தக்கட்டன்னு சொல்லுவியே, அதையாவது சொல்லு. பாவின்னு சொல்லு."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் ஒரு துளிகூட இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்தேன்.

"உங்ககூட எனக்கு என்னக்கா சண்டை?" என்றாள். டம்ளரைக் கழுவிவிட்டு, புதிதாக டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள்.